சந்தனப் பொட்டு வைத்த இசைத்தட்டு

பலெர்மோவுக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட இத்தாலியச் சொல் வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. அல்கோல். குடிக்கிற அல்கோல் இல்லை. ரோசா நிறத்தில், பிளாஸ்டிக் போத்தலில் கடையில் விற்பார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் குசினித் தொட்டியின் கீழே ஒரு போத்தல் நிற்கும். கண்ணாடி, குளியலறை ஓடு, கதவுக் கைப்பிடி, தொலைபேசி எல்லாவற்றையும் அதாலேயே துடைக்க வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு தொடங்கிய நான், ஆறு மாதத்தில் அந்த மணம் வராவிட்டால் வீடு சுத்தமாகவில்லை என்று நினைக்கிற ஆளாகிவிட்டேன். வேலையில் நான் கெட்டிக்காரி. இதை அடக்கமில்லாமல்தான் சொல்கிறேன். அந்தக் கெட்டித்தனத்தால்தான் இந்தக் காரியம் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடைத் தூரத்தில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரைக்கும் அங்கே வேலை. வீட்டுக்காரி எழுபது வயது தாண்டிய கைம்பெண், பிள்ளைகள் இல்லை. மூன்று வருடமும் நான் அவரை சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் பேசியது சிசிலியன் கலந்த இத்தாலியன். எனக்குள் அது எங்களூர்ப் பேச்சாகத்தான் பதிந்திருக்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

சிஞ்ஞோரா ஒரு காலத்தில் பாட்டுக்காரி. போர்க்காலத்தில் அமெரிக்கப் படைகள் வந்திறங்கியதும் கடலோரத்து மாளிகை ஒன்றை அதிகாரிகளின் நடன விடுதியாக மாற்றினார்களாம். அங்கே வாசித்த ஓர் ஓர்கெஸ்ட்ராவில் இவர் பாடினார். அதற்கு முந்திய பாசிச அரசாங்கம் இருந்த காலத்தில் அந்த அமெரிக்க இசை ஆகாத இசை. பாட்டுகளுக்கு இத்தாலியப் பெயரைச் சூட்டி, மெட்டை மட்டும் கள்ளமாக வாசித்தவர்கள், படைகள் வந்த பிறகு வாயைத் திறந்து வாசித்தார்கள் என்று சொல்வார். சாப்பாட்டறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பதினாலு ஆண்கள் மூன்று வரிசையாக. முன்வரிசையில் சாக்ஸபோன்கள், பின்னால் ட்ரம்பெட்டுகள், ஒரு மூலையில் ஆளுயர வயலின் ஒன்றை விரலால் மீட்டுகிறவர். எல்லாருக்கும் முன்னால், ஓரமாக ஒரு கதிரை. அதில் மடியில் கை வைத்தபடி சிரித்துக்கொண்டு ஒரு பெட்டை. அதுதான் சிஞ்ஞோரா.

பாடுவதை விட அந்தக் கதிரையில் இருப்பதுதான் கஷ்டமான வேலை என்பார். அந்தக் காலத்துப் பாட்டுகளில் முதலில் ஓர்கெஸ்ட்ரா முழுதாக ஒரு சுற்று வாசிக்கும். பாட்டுக்காரி சும்மா இருக்க வேண்டும், ஆனால் சும்மா இருப்பது தெரியக்கூடாது. சிரித்துக்கொண்டே மடியில் விரலால் தாளம் எண்ண வேண்டும். எண்ணிக்கை முடிகிற இடத்தில் எழும்பி நின்று, ஒரேயொரு சுற்றுப் பாடிவிட்டுத் திரும்பவும் போய் இருக்க வேண்டும். பாடியதெல்லாம் இங்கிலீசுப் பாட்டுகள். சிப்பாய்கள் கொண்டுவந்த இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் பாடமாக்கியவை. நான் குவெஸ்தூராவில், வெளிநாட்டவர் பதிகிற பொலிஸ் கந்தோரில், படிவம் நிரப்புவதும் ஏறக்குறைய அப்படித்தான் என்று நான் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

போர் முடிந்தபின் அந்த ஓர்கெஸ்ட்ரா வடக்கே போய் ஓர் இசைத்தட்டுப் பதிந்தது. ஒன்றே ஒன்று. பதிந்த சின்னக் கம்பனியும் கொஞ்ச நாளில் மூடப்பட்டுவிட்டது. தட்டின் நடுவிலுள்ள தாளில் ஓர்கெஸ்ட்ரா தலைவரின் பெயர் பெரிதாக இருந்தது, பாட்டின் பெயர் அதன் கீழே. அதற்கும் கீழே பொடி எழுத்தில், நடுவில் பாடல் உண்டு என்று மட்டும் போட்டிருந்தார்கள். பாடியது யார் என்று போடவில்லை. மூன்று நிமிடத் தட்டில் சிஞ்ஞோராவின் குரல் ஒரு நிமிடம் கூட வராது. தான் பாட்டுக்காரியாக இருந்ததற்கு அவரிடம் மிஞ்சியிருந்த சாட்சி அந்தக் குரல்தான்.

ஆனால் நான் போன காலத்திலேயே அவருக்குக் காது போய்விட்டிருந்தது. காதுக் கருவி ஒன்று இருந்தது, அதை மாட்டினால் தலைக்குள் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறதென்று மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பார். மிச்சத்தை இடது காதுக்குள் கத்த வேண்டும். அப்படியிருந்தும் ஒவ்வொரு நாளும் காலைக் கோப்பி குடித்ததும் அந்தத் தட்டைப் போடுவார். ஒரு பழைய ரேடியோகிராம், மரப்பெட்டி. மூடியைத் திறந்து கதிரையைக் கிட்ட இழுத்து வைப்பது என் வேலை. தட்டை எடுப்பதும் வைப்பதும் அவர் மட்டும்தான். வேறு யாரும் தொடக்கூடாது என்று முதல் நாளே விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார். தட்டுச் சுற்றத் தொடங்கியதும் பெட்டியின் மரத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் கண்ணை மூடுவார். அதிர்வு கைக்குள்ளால் ஏறும்போலும். சரியாக அந்த இடம் வந்ததும் எழும்பி நிற்பார், உதடு அசையும். ஒரு நாளும் அவர் முந்தியதுமில்லை, பிந்தியதுமில்லை. நான் கூட்டுகிற தும்புக்கட்டையைப் பிடித்தபடி வாசலில் நின்று பார்ப்பேன். முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு அதைப் பார்க்காவிட்டால் எனக்கு நாள் தொடங்காது.

நான் போன மூன்றாம் வருடம் புரட்டாதியில் ஒரு கடிதம் வந்தது. போர்க்கால நடன ஓர்கெஸ்ட்ராக்களைப் பற்றி நிகழ்ச்சி தயாரிக்கிற ஒரு வானொலிக்காரர் எழுதியிருந்தார். அந்தத் தட்டை எல்லா இடமும் தேடிவிட்டதாகவும், இன்னொன்று எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை என்றும், புதன்கிழமை நேரில் வந்து நாடாவில் பதிந்துகொண்டு போவதாகவும், பாடியவர் பெயரை நிகழ்ச்சியில் சொல்வதாகவும் எழுதியிருந்தார். சிஞ்ஞோரா அந்தக் கடிதத்தை என்னிடம் மூன்று தரம் வாசித்துக் காட்டினார். தலைக்கு மை பூசினார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பாட்டோடு தன் பெயரைச் சொல்லப் போகிறார்கள் என்று வீட்டுக்கு வந்த காஸ்காரனிடம் கூடச் சொன்னார்.

எனக்கும் அதே கிழமையில் ஒரு காரியம் இருந்தது. பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, முடிகிறது. புதுப்பிக்க வியாழக்கிழமை குவெஸ்தூராவுக்குப் போக வேண்டும். இன்னார் என் வீட்டில் வேலை செய்கிறார், தொடர்ந்தும் வைத்திருப்பேன் என்று சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருக்க வேண்டும். என் கணவர் வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார், அந்த முதலாளி ஒரு துண்டுக் கடதாசியும் கொடுக்க மாட்டார். எங்கள் இரண்டு பேருடைய இருப்பும் என்னுடைய அந்தக் கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா மறுக்கவில்லை. புதன்கிழமை வானொலிக்காரர் வந்து போகட்டும், அதுவரைக்கும் தன் தலைக்குள் வேறொன்றும் ஏறாது, பின்னேரம் போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதற்கு முந்திய புதன்கிழமை சரஸ்வதி பூசை. நிலையத்தடியில் இன்னொரு குடும்பத்தோடு ஓர் அறையைப் பங்கு போட்டு இருந்த எங்களுக்குக் கும்பம் வைக்க இடமில்லை. ஆகவே வீணையோடு இருக்கிற சரஸ்வதி படத்தை சிஞ்ஞோராவின் குசினி அலுமாரித் தட்டில் வைத்துக்கொள்ளக் கேட்டிருந்தேன். படத்தைப் பார்த்து, இவள் எந்த ஓர்கெஸ்ட்ராவில் இருந்தவள் என்று கேட்டார். தனியாக வாசிப்பவள் என்றேன். கெட்டிக்காரி, தலைவனுடைய தொல்லை இல்லை என்றார்.

பூசை நாளில் எங்கள் வீடுகளில் ஓர் அப்பியாசக் கொப்பி கூடத் தூசியோடு கிடக்காது. படிக்கிறவன் புத்தகத்தையும் தைக்கிறவள் மெசினையும் பாடுகிறவன் வாத்தியத்தையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து அம்மனுக்கு முன்னால் படைப்பார்கள். அடுத்த நாள் விசயதசமி காலை வரைக்கும் அவற்றைத் தொடக்கூடாது. அந்த வீட்டில் படைக்க எனக்கு வேறென்ன இருந்தது? தும்புக்கட்டையையா வைப்பது? மத்தியானம் சிஞ்ஞோரா படுத்துவிட்டார். கடலை அவித்தேன், கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவந்த சந்தனத்தூளைக் குழைத்தேன். தொடாதே என்ற சொல் நினைவில் இருக்கத்தான் செய்தது. அவருடைய குரல் ஊருக்கெல்லாம் கேட்கப் போகிற நேரத்தில் வாணியின் காலடியில் ஒரு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. தட்டை எடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மங்கிப்போய், கைரேகையும் தூசியுமாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வானொலிக்காரர் வந்து பார்த்தால் இந்த வீட்டு வேலைக்காரி என்ன செய்கிறாள் என்று நினைக்க மாட்டாரா? பஞ்சை எடுத்தேன், ரோசா அல்கோலில் நனைத்தேன், வட்டவட்டமாகத் துடைத்தேன். பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. ஐம்பது வருட அழுக்கு என்று எனக்குப் பெருமை. புதுப் பஞ்சு எடுத்தேன், அதுவும் கறுத்தது. மூன்றாவதும் கறுத்தது. மறுபக்கத்தையும் விடவில்லை. பிறகு நடுத்தாளில் சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் வைத்து, படத்தின் முன் சாய்த்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். மனம் நிறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களூரில் கதிரை மேசைக்குப் பொலிஷ் அடிக்கிற தச்சன் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுக் கரைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து இசைத்தட்டும் அதே அரக்கால் செய்தது என்று எனக்கு யார் சொன்னது?

விசயதசமி காலை குளித்து வந்து, தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டுபோய் சிஞ்ஞோராவிடம் நீட்டினேன். அவர் முகம் இறுகியது. இடது காதுக்குள் எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன், அல்கோலை மட்டும் சொல்லவில்லை. மறைக்க நினைத்து விடவில்லை, அது சொல்லவேண்டிய விசயமாகவே படவில்லை. பொட்டை விரலால் தடவிப் பார்த்தார், பிறகு முகம் இளகியது.

"இருக்கட்டும்," என்றார். "என்ர பேர் இல்லாத இடத்தில ஒரு பொட்டாவது இருக்கட்டும்."

தட்டை வைத்தார். ஊசி இறங்கியது. கொதிக்கிற எண்ணெய்க்குள் தண்ணீர் விழுந்தது போல ஓர் இரைச்சல் எழும்பியது. ஊசி வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். இரைச்சல் நிற்கவில்லை. அடியில் எங்கோ பறையின் தம்தம் மட்டும் கேட்டது, சாக்ஸபோன் இல்லை, ட்ரம்பெட் இல்லை. சிஞ்ஞோரா மரத்தில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். அவருடைய இடம் வந்தது, எழும்பி நின்றார், உதடு அசைந்தது. பெட்டிக்குள்ளிருந்து குரல் வரவில்லை. இரைச்சல்தான் வந்தது. முடிந்ததும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கறுத்த பஞ்சுகள் அப்போதுதான் எனக்கு விளங்கின. பஞ்சில் வந்தது அழுக்கில்லை, பாட்டு.

அன்று முழுக்கச் சொல்லிவிடுகிறேன், சொல்லிவிடுகிறேன் என்று நாலு தரம் அவருடைய காதுக்குக் கிட்டப் போனேன். ஒரு தரம் சூப்புக்கு உப்புக் காணுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். ஒரு தரம் ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டேன்.

அடுத்தடுத்த நாட்களும் அவர் தட்டைப் போடாமல் விடவில்லை. ஒவ்வொரு காலையும் நான் மூடியைத் திறந்து கதிரையை இழுத்து வைத்தேன், இரைச்சல் வீட்டை நிரப்பியது, அவர் எழும்பி நின்று உதட்டை அசைத்தார். சனிக்கிழமை பாட்டு ஓடும்போது கதவு மணி அடித்தது. கட்டடக் காவல்காரி கடிதத்தோடு நின்றாள். அவளுக்குக் காது பாம்புக்காது. கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, கடிதத்தைப் பறிக்காத குறையாக வாங்கினேன். உள்ளே என்ன பொரிக்கிறாய் என்று கேட்டாள். கத்தரிக்காய் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மணம் வரவில்லையே என்றாள். கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிலையத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்தில் ஒரு மர வாங்கில் இருந்தபடி கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"கையெழுத்துப் போட்டாச்சோ?" என்றார்.

"இல்லை. புதன்கிழமை பின்னேரம்."

"அண்டைக்குத்தானே அந்த ரேடியோக்காரன் வாறான்? அவன் போட்டுப் பாத்தவுடன பிடிபட்டிடுவீர். பிறகு மனிசி கையெழுத்துப் போடுமே? இஞ்சேரும், செவ்வாய்க்கிழமைக்குள்ள வாங்கும். அதுமட்டும் ஒண்டும் கதைக்காதையும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடிதம் ஒன்றுதான் இவருக்குக் கண்ணில் தெரிகிறது, அந்த மனிசியின் குரல் போனது தெரியவில்லை என்று சத்தம் போட்டேன். பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி, திருப்பி அனுப்பினால் எங்கே போய் இருப்போம் என்று மட்டும் கேட்டார். அவர் சொன்னது அப்போதே எனக்குள் இருந்ததுதான். அவர் வாயால் வந்ததால் ஏச வசதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கையெழுத்துக்கான கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மூன்றரை மணி வரைக்கும் தள்ளிப்போட்டேன். பிறகு பேனையையும் கடிதத்தையும் மேசையில் வைத்துவிட்டு அவருடைய காதடிக்குப் போனேன். படிவம் நிரப்பித் தருகிற கந்தோரில் கடிதத்தை இன்றைக்கே காட்டச் சொல்கிறார்கள் என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பக் கத்தினேன். பொய்யைக் காதுக்குள் குசுகுசுத்துவிடலாம், கத்திச் சொல்வது பெரும்பாடு. மூன்றாம் தரம் கத்தியபோது என் குரல் உடைந்துவிட்டது. பயப்படுகிறேன் என்று நினைத்து அவர் என் கன்னத்தைத் தட்டினார். கண்ணாடியை மாட்டினார், ஒரு வரியும் வாசிக்காமல் கீழே மெதுவாக, அழகாகத் தன் பெயரை எழுதினார். நான் கேட்காமலே, இந்தப் பெண் நேர்மையானவள் என்று தன் பாட்டில் ஒரு வரியும் சேர்த்தார். மை காய ஊதிவிட்டு நீட்டினார்.

அதை வாங்கிப் பைக்குள் வைத்தேன். மாடிப்படியில் இறங்கும்போது அழுதேன், ஆனால் பையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அழுதேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வானொலிக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும், மரியாதையான ஆள், கையில் பாரமான பதிவு மெசின். சிஞ்ஞோரா கரும்பச்சைச் சட்டையும் முத்து மாலையுமாக நின்றார். ஓர்கெஸ்ட்ராக்காரர்கள் ஒவ்வொருவரையும் படத்தில் காட்டிக் கதை சொன்னார். வானொலிக்காரர் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். நான் கோப்பி வைத்துவிட்டுக் குசினிக்குப் போயிருக்கலாம். போக முடியவில்லை. சாப்பாட்டறை மூலையில் தட்டத்தைப் பிடித்தபடி நின்றேன்.

சிஞ்ஞோரா தலையைச் சரிபார்க்கக் கண்ணாடிப் பக்கம் திரும்பிய நேரத்தில் வானொலிக்காரர் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சரித்தார். முகம் அப்படியே நின்றுவிட்டது. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சந்தனப் பொட்டைப் பார்த்தார், அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

"அல்கோலா?" என்று வாய்க்குள் கேட்டார்.

ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். சிஞ்ஞோரா திரும்பி வந்து கதிரையில் இருந்து, இரண்டு கையையும் மரத்தில் வைத்து, தொடங்கலாம் என்று தலையசைத்தார். தட்டு பழுதென்று வானொலிக்காரர் சொல்லப் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நின்றேன். அவர் சொல்லவில்லை. மெசினை முடுக்கினார், நாடாச் சக்கரங்கள் சுற்றத் தொடங்கின, ஊசியை இறக்கினார்.

இரைச்சல். முந்திய நாட்களை விட மோசம், ஒவ்வொரு நாளும் ஊசி மிச்சத்தையும் சுரண்டியிருந்தது. இப்போது தம்தம்மும் இல்லை. அப்படியானால் மரத்தில் இருந்த அந்தக் கைகளுக்குள் என்ன ஏறியது என்று எனக்குத் தெரியாது. அவர் எதை எண்ணினாரோ, எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பினார். மூன்று வருடம் பார்த்த எனக்குத் தெரியும், ஓர் இம்மியும் பிசகவில்லை. வானொலிக்காரர் மெசினின் முள்ளைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோராவின் உதட்டிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது, காற்று மாதிரி, பாட்டு என்று சொல்ல முடியாது. முடித்ததும் கதிரையில் போய் இருந்தார். தட்டு ஓடி ஓய்ந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

வானொலிக்காரர் குனிந்து அவருடைய கையை எடுத்து முத்தமிட்டார். காதடியில் வாயை வைத்து, பெல்லிஸ்ஸிமா என்று சத்தமாகச் சொன்னார். வடிவான குரல், மிக வடிவான குரல்.

சிஞ்ஞோராவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண் நிரம்பிவிட்டது. என் பக்கம் திரும்பி, கேட்டியா என்று உதட்டால் கேட்டார். நான் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். எல்லாம் முடிந்துவிட்டது. கடிதம் பையில் இருந்தது. அந்த மனிதர் எனக்காகவும் சேர்த்துத்தான் பொய் சொல்லியிருந்தார். கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவது மட்டும்தான் என் வேலை.

போய் அவருடைய இடது காதடியில் குனிந்தேன். கத்தினேன். தட்டு பழுதாகிவிட்டது சிஞ்ஞோரா, நான்தான் அல்கோல் போட்டுத் துடைத்தேன், பாட்டு இல்லை, குரல் இல்லை, இரைச்சல் மட்டும்தான். கீழ்மாடிக்குக் கேட்டிருக்கும். வானொலிக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை. விசயதசமி காலையே எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் நேற்றுக் கையெழுத்து வாங்கினேன் என்று அதையும் கத்தினேன். கத்தக் கத்த எனக்கு நெஞ்சு இலேசானது. அந்த இலேசு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிஞ்ஞோரா வானொலிக்காரரைப் பார்த்தார். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சிஞ்ஞோரா தட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டி, ஜன்னலடியில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். நான் பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் அவருக்கு முன்னால் வைத்தேன். கிழித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அவர் அதை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அது உன்ர வேலைக்குப் போட்டது," என்றார். "தட்டுக்கில்லை. எடு."

எடுத்தேன். வானொலிக்காரர் நாடாவைச் சுற்றி எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். இன்னொரு தட்டு எங்கேயாவது கிடைக்கும், விடாமல் தேடுவேன் என்று அவருடைய காதடியில் சொன்னார். இப்போதைய குரலிலாவது ஒரு வரி பதியலாமா என்றும் கேட்டார். சிஞ்ஞோரா வேண்டாம் என்று தலையாட்டி, மரியாதையாக வாசல் வரைக்கும் வந்து அவரை அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவருடைய முகத்தில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு நல்லது.

"அவர் வடிவா இருக்கெண்டு சொன்னவர். நான் அதைக் கேட்டிட்டன்," என்றார். "அதுக்குப் பிறகு நீ ஏன் கதைச்சனி?"

உங்களுக்கு உண்மை தெரியவேண்டும் என்பதற்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையில்லை. எனக்குப் பாரம் தாங்கவில்லை, அதை அவருடைய காதுக்குள் இறக்கிவிட்டேன், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தால் அடுத்த நாள் காலையும் அவருடைய பாட்டு அவருக்குள் ஓடியிருக்கும், அவர் சாகும் வரைக்கும் ஓடியிருக்கும். அல்கோலால் தட்டு மட்டும்தான் போனது. மிச்சத்தை அழித்தது என் வாய்.

வியாழக்கிழமை காலை குவெஸ்தூராவில் வரிசையில் நின்றேன். கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் இருந்தவர் கடிதத்தை வாசித்துவிட்டு, கடைசி வரியைச் சத்தமாக ஒருதரம் படித்துச் சிரித்தார், இப்படியெல்லாம் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை என்றார். இரண்டு வருடத்துக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை வழமை போல வேலைக்குப் போனேன். சிஞ்ஞோராவுக்குக் கோப்பி கொடுத்தேன். குடித்து முடித்ததும் ரேடியோகிராமுக்குக் கிட்டப் போய் நின்று, திறக்கவா என்று கையால் கேட்டேன். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, இன்றைக்கு ஜன்னல் கண்ணாடிகளைத் துடை என்று சொன்னார்.